ஜாமீன் நிற்பவர் யார்?

மீனம்பாக்கத்தில் பின்னிரவில் விமானம் ஏறும் நமது இளைஞர் மறுநாளே லண்டன் மாநகரில் இறங்கிவிடுகிறார். வாரக்கணக்கில் கப்பலில் கழித்து, கரையேறியபின் கடிதம் எழுதி, அது ஊர் வந்து சேரும்வரை வீட்டார் கலங்கியிருந்த காலம் மலையேறிவிட்டது. பிரயாணம் இவ்வளவு சுருங்கியும், இறங்கிய ஊரில் தலைசாய்க்க ஓர் அறை பிடிப்பது மட்டும் எளிதாகிவிடவில்லை. சீமைக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் கல்லூரியைப் பற்றி நூறு பேரிடம் விசாரிக்கிறார்கள். குளிருக்குக் கம்பளி வாங்குகிறார்கள். ஊறுகாய் கட்டிக் கொடுக்கிறார்கள். குடியிருக்க இடம் எங்கே என்று கேட்டால், 'போய்ப் பார்த்துக்கொள்வான்' என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த அலட்சியம் பெரும் தவறென்பது நமது திடமான அபிப்பிராயம்.

1888-ஆம் வருஷம் இலையுதிர் காலத்தில் லண்டனில் கால் வைத்த காந்தியடிகள், முதலில் தங்கிய விக்டோரியா ஹோட்டல் கேட்ட மூன்று பவுன் கட்டணத்தைக் கண்டு திடுக்கிட்டதையும், அவ்வளவு கொடுத்தும் வயிறு நிறையாமல் வாடியதையும் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஹோட்டலிலிருந்து வாடகை அறைக்கும், அங்கிருந்து ரிச்மாண்டில் ஒரு நண்பர் வீட்டிற்கும், பின்னர் மேற்குக் கென்சிங்டனில் ஒரு விதவை அம்மையார் வீட்டிற்கும் அவர் மாற வேண்டியதாயிற்று. பிறகு தனியே அறை எடுத்து, செலவைக் குறைக்க ஓர் அடுப்பு வாங்கித் தாமே கஞ்சி காய்ச்சிக் குடித்தார். கூச்சம் மிகுந்த அந்தப் பத்தொன்பது வயது இளைஞருக்குத் தொடக்கத்தில் வழி காட்டியவர் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா. ஊரை முன்பே அறிந்த அந்த ஒரு மனிதர், 'இவர் நமக்குத் தெரிந்தவர்' என்று சொல்ல முன்வந்தார், கதவு திறந்தது.

வீடு என்பது எந்தத் தேசத்திலும் பணத்தை மாத்திரம் பார்த்துக் கொடுக்கப்படுவதன்று. நம் ஊரில் ஒருவன் வீடு தேடினால் அவனுக்காகப் பேச மளிகைக் கடைக்காரர் இருக்கிறார், பள்ளிக்கூடத்து வாத்தியார் இருக்கிறார், ஒன்றுவிட்ட மாமாவாவது இருக்கிறார். கடலைத் தாண்டியவுடன் படிப்பு கூட வருகிறது, பணமும் ஓரளவு கூட வருகிறது. சாட்சி சொல்ல ஒருவரும் கூட வருவதில்லை. காந்தியடிகளுக்கு ஒரு மேத்தா இருந்தார். இன்று திருநெல்வேலியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் செல்லும் பிள்ளைக்கு யார் இருக்கிறார் என்பதே நமது கேள்வி.

பணம் கையிலிருந்தால் வீடு கிடைக்காதா என்று கேட்போர் உண்டு. லண்டனில் படிக்க வரும் அந்நிய மாணவர், பள்ளிச் சம்பளம் நீங்கலாக, ஜீவனச் செலவுக்கென்று மாதம் 1,529 பவுன் வீதம் ஒன்பது மாதங்களுக்குரிய தொகையைக் கணக்கில் காட்டினால்தான் விசா என்று 2025 நவம்பரில் பிரிட்டிஷ் சர்க்கார் விதித்தது. அதே வருஷம் ஜனவரியில் அது மாதம் 1,483 பவுனாக இருந்தது. ஒன்பது மாதத்திற்கு 13,761 பவுன்! நிலத்தை அடகு வைத்தும், தாயின் நகைகளைப் பாங்கியில் வைத்தும், கல்விக் கடன் வாங்கியும் இதைத் திரட்டும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஆகையால் செல்பவன் வெறுங்கையனாகச் செல்லுவதில்லை. அவன் காட்டும் கணக்கை விசா அதிகாரி ஒப்புக்கொள்ளுகிறார். லண்டன் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளுவதில்லை.

அங்கே வீடு பிடிக்கும் முறையைச் சற்று விவரமாகச் சொல்லுவது, செல்லவிருப்போருக்கும் பயன்படும். வீடுகள் பெரும்பாலும் தரகு ஆபீஸ்கள் மூலமாகவே விடப்படுகின்றன. விளம்பரம் இணையத்தில் வந்தவுடன் பார்வையிட நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். கல்லூரிகள் திறக்கும் செப்டம்பர் மாதத்தில் ஓர் அறைக்குப் பலர் போட்டியிடுவார்கள். வாடகை சில விளம்பரங்களில் வாரத்திற்கும் சிலவற்றில் மாதத்திற்கும் குறிக்கப்பட்டிருக்கும். வாரக் கணக்கை நான்கால் பெருக்கி மாதக் கணக்கென்று எண்ணியவன், வருஷத்திற்கு 52 வாரங்கள் என்பதை முதல் மாத முடிவில்தான் நினைத்துக்கொள்ளுகிறான். அறை பிடித்துவிட்டால் ஒரு வார வாடகைக்கு மேற்படாமல் அச்சாரம் கேட்கலாம். சாதாரண வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. குடிவருபவரிடம் தரகுக் கூலி கேட்கவே கூடாது. இங்கிலாந்தில் 2019-ஆம் வருஷத்துச் சட்டம் இவ்வாறு வரையறுத்திருக்கிறது. வாங்கிய முன்பணத்தை 30 நாட்களுக்குள் சர்க்கார் அங்கீகரித்த காப்பு ஏற்பாடு ஒன்றில் பதிவுசெய்ய வேண்டும். தவறினால் அத்தொகையின் மூன்று மடங்குவரை குடியிருப்பவருக்குக் கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிடலாம். நல்ல சட்டந்தான். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொட்டிவிட்டு, வீட்டைக் காலி செய்கையில் சுண்ணாம்புச் செலவு என்று அதில் பாதியை இழந்தவர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவார்கள்.

ஆனால் இத்தனை பாதுகாப்பும் உள்ளே நுழைந்தவனுக்குத்தான். வாசலில் வேறொரு கேள்வி நிற்கிறது: உமக்கு ஜாமீன் யார்? வாடகை தவறினால் தாம் கொடுப்பதாக ஒருவர் கையெழுத்திட வேண்டும். அவர் அந்த நாட்டிலேயே வசிப்பவராகவும், தக்க வருமானமோ சொந்த வீடோ உள்ளவராகவும் இருக்க வேண்டுமென்று தரகர்கள் வழக்கமாகக் கேட்கிறார்கள். கும்பகோணத்தில் மூன்று வீடு வைத்திருக்கும் தகப்பனாரின் கையெழுத்து அங்கே செல்லாது. இதற்கு வசதியுள்ளவர்கள் ஒரு குறுக்கு வழி கண்டிருந்தார்கள். ஆறு மாத வாடகையையோ ஒரு வருஷ வாடகையையோ முன்கூட்டியே கொடுத்துவிட்டால் ஜாமீன் பேச்சு எழாது. 2025 அக்டோபரில் அரச ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம், ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டி வாங்குவதைத் தடுக்கிறது. குடியிருப்போரைப் பற்றிய அதன் முக்கிய ஏற்பாடுகள் அமலுக்கு வரும் நாளாக 2026 மே 1 குறிக்கப்பட்டது. காரணம் காட்டாமல் குடிகளை வெளியேற்றும் அதிகாரத்தை வீட்டுக்காரரிடமிருந்து எடுத்துவிடும் அச்சட்டம் அந்நாட்டு எளியவர்களுக்கு நன்மை செய்வது. அதை நாம் குறை கூறவில்லை. எனினும், பணத்தைக் கொட்டி ஜாமீனைத் தவிர்க்கும் வழி அடைபடும்போது, புதிதாக வருபவனுக்கு ஜாமீன் ஒன்றே வாசலாகிறது. இதை நம்மவர் முன்னதாகவே உணர்ந்து ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் கம்பெனிகள் அங்கே இருக்கின்றன. கொடுத்த கட்டணம் போனது போனதுதான்.

இப்படித் தவிப்பவனை மோசக்காரன் எளிதில் கண்டுபிடித்துவிடுகிறான். அழகான வீட்டின் படங்கள், சந்தையில் பாதி வாடகை, சொந்தக்காரர் தற்சமயம் வெளிநாட்டில் இருப்பதாக ஒரு செய்தி, பணம் அனுப்பினால் தபாலில் சாவி வரும் என்ற வாக்குறுதி. பணம் போகிறது, சாவி வருவதில்லை, அந்த விலாசத்தில் வேறு யாரோ பல வருஷங்களாகக் குடியிருக்கிறார்கள். நேரில் பாராத வீட்டிற்கு ஒரு காசும் அனுப்பலாகாது என்று பிள்ளைகளுக்கும், பிள்ளைகளைவிட அவசரப்படும் தகப்பன்மார்களுக்கும் சொல்லிவைக்கிறோம்.

வேறு கதியின்றி அவன் கடைசியில் நம்மவரைத் தேடிப் போகிறான். 1983-ஆம் வருஷத்துக் கொடுமைகளுக்குப் பின் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்த தமிழர் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளி, ஹாரோ முதலிய இடங்களில் வேரூன்றி, கடைகளும் கோவில்களும் கண்டு, தமிழ்ப் பள்ளிகளும் நடத்தி வருகிறார்கள். முன்பின் தெரியாத தமிழ்ப் பிள்ளையைத் தம் வீட்டுக் கூடத்தில் படுக்கவைத்துச் சோறு போட்டவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அகதியாய் வந்து வீடின்றித் தவித்தவருக்குத்தான் அந்தத் தவிப்புத் தெரியும். அவர்களுக்கு நமது வணக்கம்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் மறைப்பது பத்திரிகை தர்மமாகாது. இருவர் படுக்க வேண்டிய அறையில் ஐவரைப் படுக்கவைத்து, தலைக்கு இவ்வளவு என்று ரொக்கமாக வாங்கிக்கொண்டு, ரசீதோ ஒப்பந்தமோ கொடாமல், முன்பணத்தைத் தம் சட்டைப்பையிலேயே காப்பாற்றும் வீட்டுக்காரர்கள் நம் நாட்டாரிலும் இருக்கிறார்கள். தமிழர், பஞ்சாபியர், குஜராத்தியர் என்ற பேதம் இந்த ஒரு தொழிலில் மறைந்துவிடுகிறது! ஒப்பந்தம் இல்லாதவன் தன் விலாசத்தை நிரூபிக்க முடியாது. விலாசத்தை நிரூபிக்க முடியாதவனுக்குப் பாங்கிக் கணக்குத் தொடங்குவது கஷ்டம். கணக்கும் பழைய வீட்டுக்காரரின் நற்சாட்சியும் இல்லாதவனுக்கு அடுத்த வீடு கிடைப்பது அதைவிடக் கஷ்டம். இரண்டு வாரத்திற்கென்று நுழைந்தவன் இரண்டு வருஷம் அங்கேயே கிடக்கிறான். பலர் சேர்ந்து வசிக்கும், உரிமம் பெற வேண்டிய வீடுகளில் ஒருவர் உறங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையலாகாதென்று 2018 முதல் இங்கிலாந்தில் விதி இருக்கிறது. ஈஸ்ட் ஹாமை உள்ளிட்ட நியூஹாம் நகரசபை, தோட்டத்துக் கொட்டகைகளில்கூட மனிதரைக் குடிவைக்கும் அக்கிரமத்தைக் கண்டு, 2013 ஜனவரி முதல் வாடகை வீட்டுக்காரர் அனைவரும் உரிமம் பெற வேண்டுமென்று இங்கிலாந்திலேயே முதன்முதலாகக் கட்டளையிட்டது. புகார் கொடுக்க வேண்டியவன் வாய் திறப்பதில்லை. திறந்தால் அன்றிரவு படுக்க இடம் எது? மேலும் வீட்டுக்காரர் நம்மவர், ஊர்க்காரர், கோவிலில் காண்பவர். இந்தத் தாட்சணியத்தை மூலதனமாக்கிப் பிழைப்பவரைத் தேசபக்தர் என்றும் புரவலர் என்றும் மேடையில் மாலையிட்டு வரவேற்கும் சங்கங்கள், மாலையிடுமுன் அவரது வீட்டின் பின்புறத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருவது நலம்.

சர்க்காரின் சட்டமே குறுக்கே நிற்கும் இடமும் உண்டு. 2014-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தின்படி, குடிவருபவர் அந்நாட்டில் தங்க உரிமையுள்ளவரா என்று சோதிக்கும் கடமை வீட்டுக்காரர் தலையில் சுமத்தப்பட்டது. 2016 பிப்ரவரி 1 முதல் இங்கிலாந்து முழுவதும் இது அமலாயிற்று. உரிமையற்றவருக்கு வீடு விட்டால் விதிக்கும் அபராதம் 2024 பிப்ரவரியில் ஆளொன்றுக்கு 10,000 பவுன்வரையும், மறுமுறை தவறினால் 20,000 பவுன்வரையும் உயர்த்தப்பட்டது. இதன் பலனை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. வெள்ளைத் தோலும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் உள்ளவன் ஒருவன், பழுப்புத் தோலும் விசாவும் உள்ளவன் ஒருவன், இருவரும் ஒரே அறைக்கு வந்தால், அபராதத்திற்கு அஞ்சும் வீட்டுக்காரர் யாரைத் தெரிந்தெடுப்பார்? இச்சட்டம் பாரபட்சத்தை விளைவிக்கிறதென்று 2019 மார்ச்சில் லண்டன் ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. 2020 ஏப்ரலில் அப்பீல் கோர்ட்டோ, சில வீட்டுக்காரர்கள் பாரபட்சம் காட்டுவதை ஒப்புக்கொண்டு, ஆயினும் குடியேற்றக் கட்டுப்பாடு என்னும் நோக்கத்திற்கு அது நியாயமான விலையே என்ற முடிவுக்கு வந்து, சட்டத்தை நிலைநிறுத்தியது. விலை கொடுப்பவர் யார் என்பதை வாசகர்களே சிந்தித்துக்கொள்ளலாம்.

கறுப்பருக்கு இடமில்லை என்று ஜன்னலில் அட்டை தொங்கவிட்ட காலத்தை அந்தத் தேசம் கடந்து வந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1965-இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய இன உறவுச் சட்டம் வீட்டு வாடகையைத் தொடவில்லை. 1967-இல் ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தார், ஆங்கிலேயர் ஒருவர், ஹங்கேரியர் ஒருவர், மேற்கிந்தியர் ஒருவர் என்று மூவரை ஒரே வீட்டிற்கு ஒருவர்பின் ஒருவராக அனுப்பிப் பார்த்தார்கள். ஹங்கேரியருக்குக் காலியாக இருந்த வீடு மேற்கிந்தியர் வந்ததும் நிரம்பிவிட்டதைக் கண்டு நாடு வெட்கியது. அடுத்த வருஷமே வீடும் சட்டத்தில் சேர்ந்தது. 2017-இல் கெண்ட் ஜில்லாவில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சொந்தக்காரர் ஒருவர், நிறத்தவருக்கு வீடு விட வேண்டாம், காலி செய்தபின் குழம்பு வாசனை தங்கிவிடுகிறது என்று தரகருக்கு எழுதினார். சமத்துவக் கமிஷன் வழக்குத் தொடுத்தது. அவ்வருஷ நவம்பரில் கோர்ட்டு அவருக்குத் தடையுத்தரவு போட்டது. இந்தியச் சமையல் முறையில் பிறந்த கோழிக் கறி ஒன்றைப் பிரிட்டனின் தேசிய உணவென்று அந்நாட்டு அயல்நாட்டு மந்திரி ராபின் குக் 2001-இல் மேடையேறிப் புகழ்ந்தது இந்த வீட்டுக்காரருக்கு எட்டவில்லை போலும்.

கெண்ட் ஜில்லாக் கனவானைக் கண்டித்து எழுத நமது பேனா துடிக்கத்தான் செய்தது. துடித்த பேனா பாதியில் நின்றது. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் 'சைவர்களுக்கு மட்டும்' என்று தொங்கும் பலகைகள் எந்த வாசனைக்கு அஞ்சித் தொங்குகின்றன? மீன் வாசனை என்பார்கள். கேட்பது மீனைப் பற்றி; அறிய விரும்புவது ஜாதியைப் பற்றி என்பது தரகருக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும், வீடு தேடி வந்தவருக்கும் தெரியும். 'நீங்க என்ன ஆளுங்க?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் படியிறங்கிய உத்தியோகஸ்தர்கள், டாக்டர்கள், வாத்தியார்கள் எத்தனை பேர்! முஸ்லிம் என்று பெயரைக் கேட்டதும் 'நேற்றுத்தான் ஒருவர் அச்சாரம் கொடுத்துவிட்டார்' என்பது நம் பட்டணங்களில் சகஜமான பொய்.

1917-இல், நியூயார்க்கிலும் லண்டனிலும் கல்வி பயின்று திரும்பிய டாக்டர் அம்பேத்கர், பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகம் ஏற்கச் சென்றார். இந்து ஹோட்டல்களில் அவருக்கு இடமில்லை. பார்ஸிகளின் விடுதி ஒன்றில் பார்ஸிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடியும் கையுமாக ஒரு கூட்டம் வந்து, மாலைக்குள் வெளியேறும்படி மிரட்டியது. இந்து நண்பர் ஒருவரைக் கேட்டார். கிறிஸ்தவ நண்பர் ஒருவரைக் கேட்டார். இருவரும் வெவ்வேறு காரணங்கள் சொல்லிக் கைவிரித்தார்கள். ஒரு பூங்காவில் துயரத்துடன் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பியதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். அதே மனிதர் 1921, 22-ஆம் வருஷங்களில் லண்டனில் கிங் ஹென்றி சாலை 10-ஆம் எண் வீட்டில் குடியிருந்து படித்தார். 2015-இல் மகாராஷ்டிர சர்க்கார் அவ்வீட்டை விலைக்கு வாங்கி ஞாபக மண்டபமாக்கிற்று. அந்நியர் ஆண்ட காலத்தில் அந்நியர் ஊரில் அவருக்கு அறை கிடைத்தது. சுதேச ராஜா ஆண்ட பரோடாவில் கிடைக்கவில்லை.

நமது அரசியல் சாஸனம் 15-ஆவது ஷரத்தில் கடை, ஹோட்டல், கிணறு, குளம் முதலியவற்றில் ஜாதி மத பேதம் காட்டலாகாதென்று சொல்லுகிறது; தனியார் வாடகை வீடு அந்த வரிசையில் இல்லை. ஆமதாபாத்திலுள்ள பார்ஸி வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தன் சமூகத்தாரை மட்டும் அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளலாமென்று 2005-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் வீட்டுக்காரர், குடியிருப்போர் உரிமை பற்றி 2017-இல் இயற்றி 2019-இல் அமலுக்கு வந்த சட்டம், ஒப்பந்தத்தைப் பதிவுசெய்வது, முன்பணம் முதலியவற்றைப் பேசுகிறது. ஜாதி காரணமாக வீடு மறுப்பதைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. கெண்ட் ஜில்லாக் கனவானை இழுத்துக் கொண்டுபோக அங்கே ஒரு கோர்ட்டு இருந்தது. மாம்பலத்துக் கனவானை எங்கே கொண்டுபோவது?

இதைச் சொல்லி, கடல் கடந்த நம் பிள்ளைகள் கஷ்டப்படட்டும் என்று கைகட்டி உட்கார நாம் உத்தேசிக்கவில்லை. முன்னோர்கள் கட்டியிருக்கவில்லை. லண்டனில் இந்திய மாணவர் இடமின்றி அலைவதைக் கண்ட சியாம்ஜி கிருஷ்ணவர்மா, 1905 ஜூலையில் ஹைகேட் பகுதியில் குரோம்வெல் அவென்யூ 65-ஆம் எண் வீட்டை வாங்கி 'இந்தியா ஹவுஸ்' என்று திறந்தார். சுமார் இருபத்தைந்து மாணவர் தங்கலாம். நமது வ.வே.சு. ஐயரும் டாக்டர் தி.சே.சௌ. ராஜனும் அங்கே இருந்தவர்களே. அந்த இல்லம் புரட்சி வீரர்களின் பாசறையாக மாறிய சரித்திரத்தை வாசகர் அறிவர். 1909-இல் கர்ஸான் வைலி கொலைக்குப் பின் அது நிலைக்கவில்லை. உடனே விழித்துக்கொண்ட சர்க்கார், 1910-இல் குரோம்வெல் சாலை 21-ஆம் எண் வீட்டில் இந்திய மாணவருக்கென்று தகவல் காரியாலயமும் தங்கும் அறைகளும் ஏற்படுத்தியது. உளவறியும் இடமென்று சந்தேகித்துச் சுயமரியாதையுள்ள மாணவர் பலர் அதை அண்டவில்லை. வீடு கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்தே அந்த வீட்டில் தூக்கம் வரும்.

அதன்பின் வந்தவர் சேலத்தில் பிறந்த தமிழர், கே.டி. பால். இந்தியாவின் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்திற்குத் தேசியப் பொதுக் காரியதரிசியான முதல் இந்தியர் அவர். 1920-இல் லண்டனில் இந்திய மாணவருக்கென்று ஒரு விடுதியை அவர் தொடங்கினார். யுத்த காலத்தில் சிப்பாய்களுக்காகக் கட்டிய தாற்காலிகக் கொட்டகை ஒன்றில் ஆரம்பித்த அது, 1923-இல் கவர் வீதிக்குப் பெயர்ந்தது. இரண்டாம் யுத்தத்தில் குண்டு விழுந்தது. 1953-இல் பிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. இன்ன மதம், இன்ன ஜாதி, இன்ன பாஷை என்று கேளாமல் ஒரு நூற்றாண்டாக அது இந்தியருக்கு இடம் கொடுத்து வந்திருக்கிறது. ரிக்கார்டுகளைப் புரட்டினால் அங்கே முதல் இரவைக் கழித்த மந்திரிகளும் நீதிபதிகளும் தென்படுவார்கள். ஆனால் அடிமை நாட்டில், சொற்ப மாணவர் சென்ற நாளில், ஒரு தனி மனிதர் செய்தது அது. ஆயிரக்கணக்கில் செல்லும் இந்நாளில், சுதந்திர நாட்டின் சர்க்கார்களும், ஆண்டுக்காண்டு விழா எடுக்கும் சங்கங்களும் அதற்கு ஈடாக என்ன செய்திருக்கின்றன?

நாம் கேட்பது மாளிகையன்று, கையெழுத்து. தமிழ்நாட்டு சர்க்கார் அயலகத் தமிழர் நல வாரியம் என்று ஒன்றை அமைத்து, ஜனவரி 12-ஆம் தேதியை அயலகத் தமிழர் தினமாகவும் கொண்டாடி வருகிறது. அவ்வாரியம் ஒரு மூலதன நிதியை ஒதுக்கி, இங்கிலாந்திலேயே பதிவான தர்ம ஸ்தாபனம் ஒன்றின் மூலமாக, படிக்கச் செல்லும் தமிழ் மாணவருக்கு முதல் வருஷ வாடகைக்கு ஜாமீன் நிற்கட்டும். குடும்பம் இங்கே வாரியத்திற்குப் பொறுப்பேற்கட்டும். வாரியம் அங்கே வீட்டுக்காரருக்குப் பொறுப்பேற்கட்டும். சர்க்காரின் உதவித்தொகையில் செல்லும் ஆதிதிராவிட மாணவருக்கு இதை முதலில் செய்ய வேண்டும். ஏனெனில் ஈஸ்ட் ஹாமில் அத்தானோ சித்தப்பாவோ இருப்பது அவர்களுக்கு அரிது. ஜாமீன் பணம் மூழ்கிவிடுமே என்று கணக்கு அதிகாரிகள் ஆட்சேபிப்பார்கள். அங்குள்ள சில பல்கலைக்கழகங்கள் தம் மாணவருக்குத் தாமே ஜாமீன் நிற்கின்றன. மூழ்கிப்போகும் காரியமாயின் அவை அதில் இறங்கியிரா. இடம் கொடுக்க முன்வரும் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதே, 'விடுதியில் அறை உண்டா, இல்லையேல் ஜாமீன் நிற்பீர்களா' என்று எழுதிக் கேட்கும் வழக்கத்தை மாணவர் கைக்கொள்ள வேண்டும்.

லண்டன் தமிழ்ச் சங்கங்களும் ஒரு காரியம் செய்யலாம். ஒப்பந்தமும் ரசீதும் கொடுத்து, முன்பணத்தைச் சட்டப்படி பதிவுசெய்யும் தமிழ் வீட்டுக்காரர்களின் ஜாபிதா ஒன்றை வெளியிடட்டும். ஜாபிதாவில் இடம்பெறாத பணக்காரர் ஏன் இடம்பெறவில்லை என்பது தானே வெளியாகும்.

சென்னையில் சட்டசபை கூடும்போது, 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவைச் சேர்க்க எந்தக் கட்சி அங்கத்தினராவது மசோதா கொண்டுவர வேண்டுமென்றும் வற்புறுத்துகிறோம். ஜாதியோ மதமோ காரணமாக வீடு மறுப்பது குற்றம் என்று அப்பிரிவு இருக்கட்டும். அடுத்த செப்டம்பரில் நம் பிள்ளைகள் லண்டனில் வீட்டுக் கதவுகளைத் தட்டத் தொடங்குமுன், வாரியத்தின் ஜாமீன் பத்திரமும் சட்டசபையின் மசோதாவும் அச்சேறியிருக்க வேண்டும். இரண்டிற்கும் நாட்கள் போதுமானவை இருக்கின்றன.